நான்கு வரி

இரங்கல் குறிப்புக்கு வரிக்கு இவ்வளவு என்று
காசு வாங்குகிறது எங்கள் ஊர்ப் பத்திரிகை.
அக்கா இர்மா நான்கோடு நிறுத்திக்கொண்டாள்.

எர்சிலியா, வயது தொண்ணூற்றெட்டு.
இத்தாலியில், கராராவில் பிறந்தவர்.
பதினேழில் கப்பலேறி இங்கே வந்தவர்.
குடும்பமே அவர் உலகம்.

பொய் இல்லை.
ஆனால் உலகம் என்றால்
அதில் கள்ளச் சாராயமும் உண்டுதானே.

அப்பா கருங்கல் செதுக்கினார்.
வெர்மான்ட் குளிருக்குக் கொட்டகைக் கதவுகளைச் சாத்திக்கொண்டு
யார் யாருடைய கல்லறைகளுக்கோ
தேவதையின் சிறகு, லில்லிப் பூ, ஆட்டுக்குட்டி.
சிறகு போக மிஞ்சிய தூள்
நெஞ்சுக்குள் போனது.
சாயங்காலம் பின்வாசலில் நின்று
அம்மா அவர் கோட்டை உதறுவாள்.
பனியின் மேல் இன்னொரு பனி விழும்.

நாற்பத்தொரு வயதில் அவர் இருமி முடித்தபோது
எனக்கு ஒன்றரை.
மூத்தவன் நெல்லோவுக்குப் பதினொன்று.
கொட்டகைக்கு நான் போகிறேன் என்றானாம்.
அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
உருளைக்கிழங்கு உரிக்கக் கொடுத்தாளாம் அம்மா.

அப்புறம்தான் எங்கள் சமையலறை
ராத்திரியில் விழித்திருக்கப் பழகியது.
சரக்கு ரயிலில் திராட்சை வரும்.
நிலவறையில் பிழிந்து, சக்கையைக் காய்ச்சி,
குவளை பதினைந்து சென்ட்.
நாடே குடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம்.
வந்தவர்கள் எல்லாரும்
அப்பாவோடு இருமியவர்கள்.
நாளைக்குத் தருகிறேன் என்பவனிடம்
உனக்கு நாளை உண்டென்று யார் சொன்னது என்பாள்.
அவன் போய்ச் சேர்ந்த வாரம்
அவன் மனைவிக்கு எங்கள் அடுப்பிலிருந்து
ரொட்டி போகும்,
கூடவே சாராயம் காய்ச்சும் பக்குவமும்.

போலீஸ் இரண்டு முறை வந்தது.
முதல் முறை என் கட்டிலுக்கடியில் பார்க்கவில்லை.
இரண்டாம் முறை பார்த்தார்கள்.
நீதிபதி முன் அவள் பேசிய ஆங்கிலம் ஐந்தே சொல்:
ஐந்து பிள்ளை. தூள். நீ சொல்.
ஐம்பது டாலர் அபராதம்.
அதையும் அவர்களே குடித்துக் கட்டினார்கள்.

எனக்கு லிபெரோ என்று பெயர். சுதந்திரன் என்று அர்த்தம்.
அறுபத்தொன்பது வயதுவரை
அவளைக் கேட்காமல் நான் முடி வெட்டிக்கொண்டதில்லை.

நான் சிரித்துச் சொல்கிறேன். இர்மா சிரிக்கமாட்டாள்.

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஓர் அத்தீலியோ இருந்தான்.
நல்லவன், குடிக்காதவன், கல்தச்சன்.
ஒரு கோட்டு உதறியாயிற்று, போதும் என்றாள் அம்மா.
அவ்வளவுதான் பேச்சு.
மூன்றாம் வருடம் கொட்டகைகளில்
தூளை உறிஞ்சும் குழாய்கள் மாட்டினார்கள்.
அதற்குள் அத்தீலியோவுக்குக் கல்யாணம் ஆகி
ஒரு பையனும் பிறந்திருந்தான்.

இன்றைக்கும் இருக்கிறான், எழுபத்தொன்பதில்,
தடியூன்றி, எங்கள் தெரு வழியாக.
அம்மாவுக்குத் தொண்ணூறு நடந்தபோது ஒரு ஞாயிறு
ஜன்னலோரம் உட்கார்ந்து அவனையே பார்த்திருந்தாள்.
கோட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது என்றாள்,
யாரிடமும் இல்லாமல்.
இர்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
உரித்துக்கொண்டேயிருந்தாள்.

அப்பாவின் கல்லில் அன்றைக்கே
அம்மாவின் பெயரையும் வெட்டி வைத்திருந்தார்கள்.
பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் ஒரு பத்தொன்பது.
இன்னும் ஆறு வருடம் இருந்திருந்தால்
அந்தப் பத்தொன்பதையும் தோற்கடித்திருப்பாள்.

இரண்டே இலக்கம்.
தண்ணீர் பீச்சும் கருவியும் முகமூடியுமாக
ஒரு பையன் வந்தான். இருபது நிமிடம்.
வேலை முடிந்து, வேலிமேல் கிடந்த அவன் கோட்டை
இர்மா எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து,
ஒரே உதறு.

ஒன்றும் விழவில்லை.

பையன் திகைத்துப் பார்த்தான்.
முப்பது டாலர் என்றான்.
இருபது என்றாள் இர்மா.